நாலு தந்தியில் திரும்பி வந்த மேண்டலின்

போன ஞாயிறு விடியற்காலை, யாங்கூன் தாமுவேயில் எங்கள் தெருக்கோடிக் கோயிலில் மார்கழி பஜனை. 40 நிமிடம் மேண்டலின் வாசித்தேன். முடித்துவிட்டுச் சுண்டல் வாங்கக் கையை நீட்டியபோதுதான் கவனித்தேன், இடது கை விரல் ஒன்றுகூட வலிக்கவில்லை. அந்த மண்டபத்தில் கடைசியாக நான் வாசித்தது 2002இல். நடுவே 22 வருடம் ஓடிப்போய்விட்டது. மே மாதம் பெட்டியைத் திறந்ததிலிருந்து இந்த டிசம்பர் வரை செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். யாங்கூனிலோ பெகுவிலோ மோல்மேனிலோ, அலமாரி மேல் இப்படி ஒரு வாத்தியத்தைத் தூங்கவிட்டவர் யாராவது இருப்பார்கள். அவர்களுக்காக அந்த நோட்டை இங்கே விரித்து எழுதுகிறேன்.

வாத்தியம் சாதாரணமானது. 1989இல் அப்பா வாங்கிக் கொடுத்தது. தட்டை முதுகு, ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பி. உள்ளே ஒட்டியிருந்த காகிதம் எப்போதோ உதிர்ந்துவிட்டதால் எந்த ஊரில் செய்தது என்பதும் தெரியாது. எங்கள் வீட்டில் அப்போது மேண்டலின் ஸ்ரீனிவாஸ் கேசட் ஓடாத நாள் இல்லை. பாலக்கொல்லில் 1969இல் பிறந்தவர், சின்னப் பையனாக இருக்கும்போதே கர்நாடகக் கச்சேரி மேடையில் இந்த வாத்தியத்தை உட்கார வைத்துவிட்டார். அதைக் கேட்டுக் கேட்டு வந்த ஆசைதான் எனக்கு. சொல்லிக்கொடுத்த வாத்தியார் பர்மியப் பாட்டுக்கும் வாசிப்பார், கோயிலில் பஜனைக்கும் வாசிப்பார். 2002இல் என் வேலை இரவு ஷிஃப்டுக்கு மாறியது. அப்புறம் கல்யாணம், குழந்தை. பெட்டி அலமாரி மேல் ஏறிவிட்டது.

மே 12ஆம் தேதி இறக்கினேன். அந்த வாரம்தான் மழை தொடங்கியது. பெட்டியின் உள்துணியில் பூஞ்சை. பழைய கம்பிகள் எட்டும் கறுத்து, தொட்டால் விரலில் துருப்பொடி ஒட்டியது. சுருதி முறுக்கும் சாவிகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, பிடி உடைந்து மொட்டையாக இருந்தன. ஆனால் கழுத்து நேராகத்தான் இருந்தது. பலகையில் வெடிப்பு எதுவும் கண்ணில் படவில்லை. பெட்டியின் மூலையில், மெழுகுத்தாள் உறைக்குள் பிரிக்காத ஒரு செட் மேண்டலின் கம்பி கிடந்தது. உறையில் 10, 14, 24, 34 என்று தடிமன் அச்சிட்டிருந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு அது. கம்பி கைக்குக் கிடைத்ததும் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. துடைத்தேன், எட்டையும் மாட்டினேன், மொட்டைச் சாவிகளைக் கொறடால் திருகி, வழக்கமான ஜி, டி, ஏ, இ சுருதிக்கு ஏற்றினேன்.

இங்கேதான் முதல் தப்பு. அடுத்த ஆறு வாரமும் அந்தத் தப்பிலேயே போயிற்று.

தினமும் அரை மணி நேரம் சரளி வரிசை வாசித்தேன். மூன்றாம் நாள் சுட்டுவிரல் நுனியில் கம்பி பதிந்து கோடு விழுந்தது. ஒரு வாரத்தில் தோல் உரிந்தது. சரி, காய்ப்பு ஏறும் வரை அப்படித்தான் என்று பொறுத்தேன். சின்ன வயதிலும் வலித்தது, மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது, அது நன்றாக நினைவிருக்கிறது. இந்த முறை ஐந்து வாரமாகியும் வலி போகவில்லை. மணிக்கட்டுக்கும் ஏறியது. முதல் மெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் மெட்டு) சுத்த ரிஷபம் அழுத்தினால் சுரம் கூடிப்போய் ஒலித்தது. எனக்கு 51 வயது. விரல் இறுகிவிட்டது, காதும் போய்விட்டது, இனி இது நடக்காது என்று இரண்டு தடவை பெட்டியை மூடினேன்.

ஜூன் கடைசியில் ஒருநாள் மின்சாரம் இல்லாத சாயங்காலம். மகள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் தீப்பெட்டியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாத்தியம் என் மடியில் இருந்தது. அவள் சும்மா ஒரு தீக்குச்சியை எடுத்து 12ஆம் மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே நுழைத்தாள். போயிற்று. அதன் மேலேயே இன்னொரு குச்சியைச் செருகினாள். லேசாக உரசிக்கொண்டு அதுவும் போயிற்று. "அப்பா, கிட்டார்ல இப்படிப் போகாதே, என் ஃப்ரெண்டு வீட்டுக் கிட்டார்ல ஒரு குச்சியே கஷ்டமா போகும்" என்றாள்.

மறுநாள் சூரத்தி பஜார் பக்கம் போய் 6 அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று வாங்கி வந்து அளந்தேன். 12ஆம் மெட்டின் முகட்டிலிருந்து கம்பியின் அடி வரை 3.8 மில்லிமீட்டர். மேண்டலினுக்கு அங்கே 1.5 முதல் 2 வரை இருந்தால் கைக்கு இதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்திலிருந்து கம்பியை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவ்வளவு ஆழத்துக்கு அமுக்கும்போது கம்பி இழுபட்டு இறுகும், சுரம் கூடத்தான் செய்யும். காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

ஏன் இவ்வளவு உயர்ந்தது என்று தேட வாத்தியத்தைத் திருப்பினேன். முதுகுப் பலகையும் பக்கப் பலகையும் சேரும் விளிம்பில், வால் பக்கமாக, 9 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒட்டு விட்டிருந்தது. தாள் நுழையும் இடைவெளி. மே மாதம் அது எவ்வளவு இருந்தது என்று நான் பார்த்து வைக்கவில்லை. எட்டுக் கம்பியும் முறுக்கி ஏற்றினால் வாத்தியத்தின் மேல் 60, 70 கிலோ இழுவை விழும். ஒட்டு விட்ட உடம்பின் மேல் ஆறு வாரம் அந்த இழுவையை நான் வைத்திருந்தேன். அன்றே கம்பிகளை முழுக்கத் தளர்த்திவிட்டேன். எந்தப் பழைய வாத்தியத்தை எடுத்தாலும் கம்பி போடும் முன் விளிம்பைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் 'டொக்' என்று திடமாகக் கேட்கும். விட்டுப்போன இடத்தில் சத்தம் ஓட்டையாக, இரண்டாகப் பிரிந்து வரும்.

ஒட்டும் வேலைக்கு வெள்ளை மரப் பசை. முதலில் இடைவெளிக்குள் பழைய பல்துலக்கியால் தூசியைத் தட்டினேன். பசையை ஸ்கேல் நுனியில் எடுத்து உள்ளே தள்ளி, வழிந்ததை ஈரத்துணியால் துடைத்தேன். இறுக்கிப் பிடிக்கக் கவ்விகள் இல்லை. பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, வாத்தியத்தைச் சுற்றிப் பத்து சுற்று இழுத்துக் கட்டினேன். இது அருமையாக வேலை செய்கிறது, எந்த வளைவுக்கும் ஒத்துப்போகும், மரத்தில் தழும்பு விழாது. ஆனால் ஐந்து மணி நேரத்தில் அவிழ்த்துவிட்டேன். பாட்டிலில் எழுதியிருந்த நேரம் அவ்வளவுதான். ஜூலை மழையில் யாங்கூன் காற்றில் பசை எங்கே காயும்? மறுநாள் காலை பாதி நீளம் மறுபடி வாய் பிளந்திருந்தது. திரும்பவும் சுரண்டி, ஒட்டி, கட்டி, இந்த முறை முழுதாக மூன்று நாள் தொடவில்லை. இன்று வரை நிற்கிறது.

மூன்று நாள் சும்மா இருக்கும்போது, பலகை மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் குதிரையைக் கழற்றி வைத்தேன். மேண்டலின் குதிரை பலகையில் ஒட்டியிருக்காது, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். இரண்டு திருகுச் சக்கரங்களால் ஏற்றி இறக்கலாம் என்பது அதன் வசதி. என்னுடையதில் இரண்டு சக்கரமும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறவிட்டேன். காலையில் துணி சுற்றிக் கொறடால் பிடித்து மெல்ல அசைத்ததும் ஒன்று சுழன்றது. மற்றதற்கு இரண்டாவது ராத்திரியும் தேவைப்பட்டது.

இனி கம்பி. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், என் முயற்சியில் உருப்படியான பகுதி இதுதான்.

பழைய செட்டைக் கழற்றியபோது இரண்டு அறுந்தன, மீதி கொறடு பட்டு வளைந்திருந்தன. கேட்ட இடத்தில் மேண்டலின் கம்பி கிடைக்கவில்லை. ஒரு கடையில் வரவழைக்க ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். கிட்டார் கம்பி எந்தக் கடையிலும் உண்டு, டீக்கடைக்கு ஒரு கிட்டார் இருக்கிற ஊர் இது. எலெக்ட்ரிக் கிட்டாரின் 10 நம்பர் செட் ஒன்று 16,000 கியாட்டுக்கு வாங்கினேன். அதில் 10, 13, 17, 26, 36, 46 என்று ஆறு கம்பி.

ஜோடிக் கம்பி வேண்டாம், நாலு ஒற்றைக் கம்பி போதும் என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். ஸ்ரீனிவாஸும் ஜோடிக் கம்பியை விட்டு ஒற்றைக் கம்பி வாத்தியத்துக்குப் போனவர்தான். காரணம் கையில் எடுத்தால் புரியும். சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்குக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது ஜோடியில் ஒன்று கூட ஏறும், மற்றது குறைய ஏறும், இரண்டும் மோதிக்கொள்ளும். ஒற்றைக் கம்பியில் அந்தச் சண்டை இல்லை. எனக்கு இன்னொரு லாபமும் இருந்தது. நாலு கம்பிக்கு நாலு சாவி போதும், மொட்டையான இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம்.

சுருதியையும் மாற்றினேன். ஜி, டி, ஏ, இ என்பதை விட்டு ஜி, டி, ஜி, டி. ஐந்து கட்டைக்கு ச, ப, ச, ப. மேல் இரண்டு கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் இறக்குவதால் இழுவை குறையும், விரலுக்கும் ஒட்டிய முதுகுக்கும் நல்லது.

மேண்டலின் உறையில் இருந்த எண்களுக்கு நெருக்கமாக 10, 13, 26, 36 என்று எடுத்து மாட்டினேன். மூன்று நன்றாக நின்றன. 13 மட்டும் தொளதொளவென்று கிடந்தது, மீட்டினால் மெட்டில் அடித்துக் கிரீச்சிட்டது. உறையில் இருந்த 14 ஏ சுருதிக்கான அளவு. நான் அதைவிட மெல்லிய கம்பியைப் போட்டு, அதற்கும் கீழே ஜி வரை இறக்கினால் தொளதொளக்கத்தானே செய்யும். இரண்டு நாள் குதிரையைத் திருகித் திருகிப் பார்த்து நேரம் போனது. அப்புறம்தான் மூளையில் பட்டது: கிட்டாரில் 17 நம்பர் கம்பியின் சுருதியே ஜி. என் மேண்டலினில் தந்தியின் நீளம் 352 மில்லிமீட்டர், கிட்டாரில் 650க்குக் கொஞ்சம் குறைவு. ஏறக்குறைய பாதி. பாதி நீளத்தில் அதே இழுவைக்கு அதே கம்பி ஒரு ஸ்தாயி மேலே பேசும். ஆக கிட்டாரின் ஜி கம்பியே மேண்டலினில் மேல் ஜி. 26 கிட்டாரின் டி, இங்கே கீழ் டி. 36 கிட்டாரின் ஏ, அதை ஒரு சுரம் இறக்கினால் ஜி. 10 கிட்டாரின் இ, ஒரு சுரம் இறக்கினால் டி. 13ஐக் கழற்றிவிட்டு 17ஐப் போட்டதும் நாலும் ஒரே விறைப்பில் வந்து நின்றன. கடைசி நிலவரம்: 10, 17, 26, 36. ஒரு கிட்டார் செட்டில் 13உம் 46உம் மிச்சம்.

கிட்டார் கம்பியின் நுனியில் பித்தளைக் குண்டு இருக்கும், மேண்டலினின் வால் தகட்டுக் கொக்கிக்கு வளையம் வேண்டும். குண்டை வெட்டுக் கொறடில் வைத்து ஓங்கி அமுக்கினால் உடைந்து விழும், சுற்றியிருந்த கம்பி வளையமாக மிஞ்சும். கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியால் மூடிச் செய்யுங்கள். எனக்கு முதல் குண்டின் துண்டு ஜன்னல் வரை பறந்தது. ஒரு 10 நம்பர் கம்பியில் குண்டோடு வளையமும் நசுங்கி வீணாயிற்று. அந்த நம்பர் மட்டும் தனியாக 2,500 கியாட்டுக்குக் கிடைத்தது, இரண்டு வாங்கி வைத்தேன்.

ஒட்டு காய்ந்த பிறகு உயரத்தை எடுத்துக்கொண்டேன். எட்டுக்குப் பதில் நாலு கம்பி ஆனதிலேயே 3.8 என்பது 3.5 ஆகியிருந்தது. குதிரையை 1 மில்லிமீட்டர் இறக்கினால் 12ஆம் மெட்டில் அரை மில்லிமீட்டர்தான் இறங்கும், பாதித் தூரம் என்பதால். 3.5ஐ 2 ஆக்கக் குதிரை 3 மில்லிமீட்டர் இறங்க வேண்டும், சக்கரங்களை அடிவரை இறக்கி 2 கிடைத்தது. இன்னும் 1 வேண்டும். குதிரையின் பாதத்தைத் தேய்க்க வேண்டியதாயிற்று. 120 நம்பர் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி மேல்பலகையில் பரப்பி, அதன் மேல் குதிரையை முன்னும் பின்னும் தேய்த்தேன். பலகையின் வளைவே பாதத்தில் பதிந்துவிடும் என்பதால் இப்படித்தான் தேய்க்க வேண்டும். தட்டையான மேசையில் தேய்த்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒரு மணி நேர வேலை. 12ஆம் மெட்டில் 2.0, மெல்லிய முதல் கம்பிக்குக் கொஞ்சம் குறைத்து 1.6.

குதிரையின் இடம் அடுத்தது. கம்பி தொடங்கும் தலைப்பக்கக் கட்டையிலிருந்து 12ஆம் மெட்டு 176 மில்லிமீட்டர். அதே தூரத்தை மறுபடி அளந்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வால் பக்கம் தள்ளி வைத்துத் தொடங்கலாம். பிறகு காதும் போனும்தான். 12ஆம் மெட்டுக்கு நேரே விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் மணிபோல ஒரு சத்தம் வரும். அதே மெட்டை அமுக்கி மீட்டுங்கள். அமுக்கினது கூட இருந்தால் குதிரையை வால் பக்கம் தள்ள வேண்டும், குறைவாக இருந்தால் கழுத்துப் பக்கம். என்னுடையது நாலாவது கம்பிப் பக்கம் 355லும் முதல் கம்பிப் பக்கம் 353லும் நின்றது. பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டேன். மேலே இன்னொரு கம்பி சுற்றாத 17 நம்பர் கம்பி மட்டும் மேல் மெட்டுகளில் சிறிது கூடப் பேசுகிறது. அதை இன்னும் தீர்க்கவில்லை.

இவ்வளவு செய்தும் முதல் மெட்டு இன்னும் கடினமாகவே இருந்தது. அந்தத் தலைப்பக்கக் கட்டையில் கம்பி உட்காரும் பள்ளங்கள் ஆழமில்லை. எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஒரு வழி உண்டு: 3ஆம் மெட்டில் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, 1ஆம் மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்ப்பது. சாதாரண எழுதும் தாள் ஒன்று, அதாவது 0.1 மில்லிமீட்டர் நுழைய இடம் இருந்தால் போதும். எனக்கு அளவு துல்லியமாக வேண்டியிருந்தது. பக்கத்து மோட்டார் பட்டறைத் தம்பியிடம் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள், கேட்டேன்.

"எந்த வண்டிக்குண்ணே?"

"வண்டி இல்லப்பா, மேண்டலினுக்கு."

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வீட்டுக்கு வந்துவிட்டார். எஞ்சினில் டேப்பட் இடைவெளி பார்க்கிற கை அது. தகடு தகடாக மாற்றி நுழைத்து, "0.45 போகுதுண்ணே, 0.50 உரசுது" என்று சொன்னார். நாலு கம்பிக்கும் எழுதிக்கொண்டேன். பள்ளத்தை ஆழமாக்க என்னிடம் அரம் இல்லை என்றதும் கேஸ் வெல்டிங் நாசில் துளையைச் சுத்தம் செய்யும் கம்பிக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வெவ்வேறு தடிமனில் பத்துப் பதினைந்து மெல்லிய உருண்டைக் கம்பிகள், உடம்பெல்லாம் அரம்போலச் சொரசொரப்பு. இதற்காகவே செய்த கருவி போல இருந்தது.

பத்து இழுப்புக்கு ஒரு தடவை கம்பியை மாட்டி அளந்து, பின் இழுத்தேன். நாலு, மூன்று, இரண்டு மூன்றும் ஒழுங்காக 0.1க்கு வந்தன. முதல் கம்பியில் அவசரப்பட்டேன், அளக்காமல் முப்பது இழுப்பு இழுத்துவிட்டேன். வெறும் கம்பியை மீட்டினால் முதல் மெட்டில் பட்டு வண்டு ரீங்கரிக்கிற மாதிரி சத்தம். கட்டையை மாற்றத்தான் வேண்டுமோ என்று பயந்தேன். ஆப்ப சோடாதான் காப்பாற்றியது. பள்ளத்துக்குள் ஒரு சிட்டிகை சோடாவை அமுக்கி நிரப்பி, அதன் மேல் ஊசி முனையால் ஒரே சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் நொடியில் கல்லாக இறுகிவிடும். அக்கம்பக்கத்தில் வழியாமல் இருக்க இரு பக்கமும் ஒட்டுத்தாள் போட்டிருந்தேன். அரை மணி கழித்து மறுபடி பள்ளம் தோண்டினேன், இந்த முறை ஐந்து இழுப்புக்கு ஒரு தடவை அளந்து.

மெட்டுகளை 1000, பிறகு 2000 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். மரத்தில் படாமல் இருக்க ஒட்டுத்தாள். ஒரு சாயங்காலம் போதும்.

ஆகஸ்ட் 4இல் விரல் பயிற்சியைப் புதிதாகத் தொடங்கினேன். முன்பு செய்த அரை மணி நேரத்தை உடைத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு 8 நிமிடம். போனில் மணி வைத்துவிடுவேன். மணி அடித்தால் நடு ஆவர்த்தனமானாலும் கீழே வைத்துவிடுவேன். கை எரிந்த பிறகு வாசிப்பதில் பயன் இல்லை, கெட்ட பழக்கம்தான் ஏறும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். இன்னொன்று, மெட்டுக்கு ஒட்டினாற்போலப் பின்னால் அமுக்குவது, அதுவும் குறைந்த பலத்தில். விரலை மெல்ல வைத்து, சத்தம் மக்கலாக இருப்பது தெளிவாக மாறும் அந்தக் கணம் வரை மட்டும் அமுக்கிப் பழகினேன். முதல் இரண்டு நாள் இதை மட்டுமே செய்தேன். நான் இத்தனை வருடம் போட்ட பலத்தில் பாதிகூடத் தேவைப்படவில்லை.

ச, ப, ச, ப சுருதியில் மாயாமாளவகௌளை ராகம் எவ்வளவு அழகாக உட்காருகிறது என்பது எனக்குப் புதுசு. வாத்தியார் ஜி, டி, ஏ, இ சுருதியில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார், கம்பிக்குக் கம்பி விரல் மாறும். இதில் ச ரி க ம என்பது வெறும் கம்பி, 1, 4, 5. ப த நி ச என்பதும் அடுத்த கம்பியில் வெறும் கம்பி, 1, 4, 5. மேலேயும் கீழேயும் கைக்கு ஒரே உருவம். சங்கராபரணத்துக்கு இரண்டு கம்பியிலும் வெறும் கம்பி, 2, 4, 5. மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. 1ஆம் மெட்டிலிருந்து 4ஆம் மெட்டுக்கு 53 மில்லிமீட்டர். சுட்டுவிரல், மோதிரவிரல், அப்புறம் 5க்குச் சுண்டுவிரல். அந்தச் சுண்டுவிரல்தான் கடைசியாக வழிக்கு வந்தது.

நோட்டில் இருக்கிறபடி: முதல் வாரம் முதல் காலம், அதாவது மெதுவான வேகம் மட்டும். மூன்றாம் வாரம் நுனியில் காய்ப்பு, வலி பாதியாயிற்று. ஐந்தாம் வாரம் இரண்டாம் காலம். செப்டம்பர் கடைசியில் மூன்றாம் காலத்தில் சரளி வரிசை நாலு வரை, அதற்கு மேல் போனால் வலது கை தடுமாறியது. வலது கைக்கு மீட்டும் பிளாஸ்டிக் வில்லையும் காரணம். நான் வைத்திருந்தது மெல்லியது, கம்பியில் பட்டு வளைந்து தாமதமாகத் திரும்பும். காலாவதியான ஒரு வங்கி அட்டையை வெட்டிப் பார்த்தேன், தடிமன் 0.76 மில்லிமீட்டர். உடனே வித்தியாசம் தெரிந்தது. பிறகு 1 மில்லிமீட்டரில் மூன்று வில்லை வாங்கினேன். ஒற்றைக் கம்பிக்கு அதுதான் சரி.

கமகம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. கம்பியை இழுத்து வாசிப்பது 17 நம்பரில் வருகிறது, 10இல் வழுக்கிப்போகிறது. இப்போதைக்கு இடது விரலைக் கம்பியில் அழுத்தியபடியே மெட்டுவிட்டு மெட்டு இழைத்துப் போகும் ஜாருவில்தான் நிற்கிறேன். பஜனைப் பாட்டுக்கு அது போதும்.

தடிஞ்சுட் விளக்குத் திருநாள் முடிந்து காற்று காயத் தொடங்கியதும் எதிர்பாராத ஒன்று நடந்தது. நவம்பர் இரண்டாம் வாரம் முதல் கம்பியில் 7ஆம் மெட்டு கிரீச்சிட ஆரம்பித்தது. எதையும் நான் தொடவில்லை. அளந்தால் 1.6 என்பது 1.3 ஆகியிருந்தது, நாலாவது கம்பி 2.0இலிருந்து 1.7. மழைக்காலத்தில் ஈரம் குடித்து மேல்பலகை உப்பும், குதிரையும் கூடவே ஏறும். காய்ந்த காலத்தில் பலகை இறங்கிவிடும். நான் மொத்த அளவையும் மழையில் எடுத்திருக்கிறேன். சக்கரம் ஒரு சுற்றுக்கு முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏறுகிறது, 12ஆம் மெட்டில் அதில் பாதி. இரண்டு பக்கமும் ஒரு முழுச் சுற்று ஏற்றினேன், சத்தம் நின்றது. சக்கரத்தின் ஓரத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், எத்தனை சுற்று என்று தெரிய. மே மாதம் மழை பிடித்ததும் ஒரு சுற்று இறக்க வேண்டும்.

செலவு: கிட்டார் செட் 16,000, தனிக் கம்பி இரண்டு 5,000, ஸ்கேல் 5,000, பசை 4,000, வில்லைகள் 3,000, உப்புத்தாள் 2,400, ஒட்டுத்தாள் 2,000, சூப்பர் க்ளூ 1,500. மொத்தம் 38,900 கியாட். ஆப்ப சோடா அடுக்களையிலிருந்து. பட்டறைத் தம்பி காசு வாங்க மறுத்துவிட்டார், அவர் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கிறேன். தொடங்கும்போது ஒரு கடையில் காட்டினேன், பழுது பார்க்க 1,20,000 என்றார்கள், எதை எதைச் செய்வார்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

மறுபடி இப்படி ஒன்றை எடுத்தால் முதல் நாளே ஸ்கேலை எடுப்பேன். 12ஆம் மெட்டு உயரம், 1ஆம் மெட்டு இடைவெளி, விளிம்பு முழுவதும் தட்டிப் பார்ப்பது, இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் கம்பி. ஒட்டு வேலையை மழைக்கு முன்பே, மார்ச்சிலோ ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்போ முடித்துவிடுவேன். குதிரையின் பாதத்தைத் தேய்ப்பதையும் மழைக்கு முன்பே செய்வேன், இந்த முறை தேய்த்ததில் அரை மில்லிமீட்டர் அதிகமாகப் போய்விட்டது என்று நவம்பரில் தெரிந்தது.

அடுத்த வேலை தலைப்பக்கக் கட்டை. இப்போது ஜோடிக்காக வெட்டிய எட்டுப் பள்ளத்தில் நாலில் கம்பி உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது கம்பிக்கும் இரண்டாவதற்கும் நடுவே இடைவெளி 1 மில்லிமீட்டர் கூடுதல், வேகமாகப் போகும்போது விரல் தவறுகிறது. கசாப்புக் கடையில் மாட்டெலும்பு ஒன்று கேட்டு வாங்கி, வேகவைத்து, கொழுப்பு போக வெயிலில் காயப் போட்டிருக்கிறேன். பொங்கலுக்குள் அறுத்துத் தேய்த்து, நாலே நாலு பள்ளம் மட்டும் போட வேண்டும். வெல்டிங் கம்பிக் கட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.